கேஸ்டர் கரையில் ஓர் இரவு

கடல் கொந்தளிக்கும் நள்ளிரவில், கரையில் நலமாக இருக்கும் ஒருவன், தனக்கு உறவும் அறிமுகமும் இல்லாத மீனவர் சிலரைக் காக்கும் பொருட்டுப் படகேறிப் புறப்படுகின்றான். அவனை அவ்வாறு செலுத்துவது யாது? வீரமா, இரக்கமா, கூலியா, வெறும் பழக்கமா? இவ்வினாவுக்கு 1901 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இங்கிலாந்தின் கீழ்க்கடற்கரையிலுள்ள கேஸ்டர் என்னும் சிற்றூரில், எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவர் விடை பகர்ந்தார். மரண விசாரணை மன்றத்தில் சாட்சியாக நின்று அவர் சொன்ன விடை அது. அவர் சொன்ன சொற்கள் வேறு. உலகம் பின்னர் அவர் பெயரால் வழங்கிய சொற்கள் வேறு. அந்த வேறுபாட்டை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

நார்ஃபோக் மாவட்டத்தில் கிரேட் யார்மத் என்னும் துறைமுக நகருக்கு வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கேஸ்டர். அங்கே கடற்கரை நெடிய மணற்பரப்பு, குடாவுமில்லை, துறையுமில்லை. கரைக்கு எதிரே கடலுக்குள் நீண்ட மணல்மேடுகள் பல மறைந்து கிடக்கின்றன. கரைக்கும் அம்மேடுகளுக்கும் இடைப்பட்ட நீர்வழி நல்ல நாளில் கப்பல்களுக்குப் புகலிடம். புயல் நாளிலோ அதுவே பொறி. வடபுலத்திலிருந்து நிலக்கரி ஏற்றி இலண்டனுக்குச் செல்லும் கப்பல்களும், மீன்பிடிக்கும் பாய்மரக் கலங்களும் பாய்மரக் காலத்தில் அவ்வழியே நூற்றுக்கணக்கில் சென்று வந்தன. வாடை வலுத்தால் அவற்றுள் சில மணலில் ஏறிச் சிக்கும். சிக்கிய கலத்தை ஒவ்வோர் அலையும் தூக்கித் தூக்கி மணலில் அறையும். எவ்வளவு உறுதியான மரமும் அதற்கு நெடுநேரம் தாங்காது.

இத்தகைய கலங்களை நம்பியே கேஸ்டர் ஊரார் ஒருவகையில் பிழைத்தனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்கள் கரைக்காரர் கூட்டம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். உயர்ந்த காவற்பரண் ஒன்று கட்டி, இரவு பகலாகக் கடலைப் பார்த்திருந்தனர். கப்பல் சிக்கினால் முதலில் ஓடிச் சென்று கப்பலையோ சரக்கையோ மீட்பர். அதற்குக் கிடைக்கும் தொகையைப் பங்கிட்டுக் கொள்வர். பொருளை மீட்டால் பங்கு உண்டு. உயிரை மட்டும் மீட்டால் அத்தகைய பங்கு இல்லை. ஆயினும் உயிரை விட்டுப் பொருளைப் பார்க்கும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை. ஏனெனில் அவர்களும் கடலில் பிழைப்பவர்கள். இன்று பிறர் ஏற்றும் அபாயத் தீயை நாளை தாம் ஏற்ற நேரலாம் என்பதை அறிந்தவர்கள்.

உயிர்காப்புப் படகு என்பது அந்நாட்டில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. 1824 மார்ச் 4 ஆம் நாள் இலண்டனில் சர் வில்லியம் ஹில்லரி என்பாரின் முயற்சியால் இதற்கெனத் தேசியச் சங்கம் ஒன்று தோன்றியது. அது அரசாங்கத் துறையன்று. பொதுமக்கள் தரும் நன்கொடையால் நடப்பது. படகை ஓட்டுவோர் அந்தந்த ஊரின் மீனவரும் மாலுமிகளுமே. 1851இல் நார்தம்பர்லாந்துப் பிரபு சிறந்த படகு அமைப்புக்கு 100 கினி பரிசு அறிவித்தார். வந்த 280 அமைப்புகளுள் பரிசு பெற்றவர் ஜேம்ஸ் பீச்சிங். கேஸ்டருக்கு அண்மையிலுள்ள கிரேட் யார்மத்துத் தச்சர்தாம் அவர். அவருடைய படகு கவிழ்ந்தால் தானே நிமிரும். முன்னும் பின்னும் உயர்ந்த காற்றறைகள், அடியில் கனத்த இரும்பு, குறுகிய உடல். தலைகீழாகப் புரண்டால் இரு முனைகளின் மேல் நிலைகொள்ள இயலாமல் உருண்டு திரும்பி விடும். அறிஞர் பலரும் இதுவே எதிர்காலப் படகு என்றனர்.

பரிசு பெற்ற ஊரின் பக்கத்திலேயே அதனை வேண்டாவென்று ஒதுக்கினார்கள்! நார்ஃபோக், சஃபோக் கரைக்காரருக்கு அப்படகு பிடிக்கவில்லை. தானே நிமிரும் படகு எளிதிற் கவிழவும் செய்யும் என்பது அவர்கள் வாதம். மணல்மேடுகளுக்கு இடையே துடுப்பு மட்டும் போதாது. பாய் விரித்து, காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்கும் செலுத்தியே இடருற்ற கலத்தை அணுக வேண்டும். அதற்கு அகன்று தாழ்ந்த, பாயின் சுமையைத் தாங்கக்கூடிய படகே ஏற்றது என்றனர். அவர்கள் விருப்பப்படியே தானே நிமிராத, ஆனால் எளிதிற் கவிழாத வகைப் படகுகள் அக்கரையில் வைக்கப்பட்டன. 1857இல் கேஸ்டர் நிலையம் தேசியச் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. 1892இல் அங்கு வந்து சேர்ந்த ‘பீச்சம்’ என்னும் படகும் அவ்வகையினதே. 36 அடி நீளம், 10½ அடி அகலம், பாய்மரம் இரண்டு. கடலில் இறங்கியபின் அடித்தளத்தில் நீரை நிரப்பிக்கொண்டால் அதன் எடை இன்னும் மிகும். அந்த எடையே அதன் நிலைப்புக்கு ஆதாரம். பத்தாண்டுக்குள் அது எத்தனையோ முறை கடலில் இறங்கி நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை மீட்டது. படகோட்டிகள் தங்கள் தேர்வு சரியானதே என்று கருத அவ்வெற்றிகள் போதியவையாக இருந்தன.

இங்கே நம் சென்னைக் கடற்கரையைச் சற்று நினைத்துப் பார்த்தல் தகும். செயற்கைத் துறைமுகம் அமையும் முன்னர், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளும் சரக்கும் மசூலாப் படகில் ஏறியே கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த அப்படகு, அலை அறையும்போது நெகிழ்ந்து கொடுக்கும். ஆழ்கடலில் ஆபத்து இல்லை. கரையருகே அலை எழுந்து உடையும் அந்தச் சில நூறு அடிகளிலேதான் ஆபத்து. ஆதலின் கட்டுமரக்காரர் உடன் சென்று, படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தோரைத் தூக்கி எடுப்பர். கவிழ்ந்தாலும் மூழ்காத கட்டுமரத்துக்குக் காற்றறையும் வேண்டாம், பரிசும் வேண்டாம். துறையற்ற மணற்கரையின் இயல்பு எங்கும் ஒன்றே. கேஸ்டரிலும் அன்றிரவு உயிர்களைப் பறித்தது நடுக்கடலன்று. கரையை ஒட்டி உடையும் அலையே.

1901 நவம்பர் 13. வடக்கும் வடகிழக்கும் கலந்து வீசிய கடும்புயல், மழை. இரவு 11 மணியளவில் பார்பர் மணல்மேட்டின் பக்கம் தீப்பந்தம் எரிவதைக் காவலர் கண்டனர். ஏதோ ஒரு கலம் மணலில் ஏறிவிட்டது என்பது ஐயமற விளங்கியது. மணி ஒலித்தது, ஊரார் கூடினர்.

மணற்கரையிலிருந்து கனத்த படகு ஒன்றைப் புயலில் இறக்குவது எளிய செயலன்று. படகின் அடியில் எண்ணெய் தடவிய மரங்களைப் பரப்பி அதன்மேல் தள்ளிக்கொண்டு போவர். கடலுக்குள் தொலைவில் முன்பே இட்ட நங்கூரம் ஒன்றிலிருந்து கரைவரை வடம் ஒன்று கிடக்கும். படகிலிருப்போர் அவ்வடத்தைப் பற்றி இழுத்து, உடையும் அலைகளைத் தாண்டிச் சென்றபின் பாய் விரிப்பர். அன்று முதல் முயற்சியில் அலை படகைத் தூக்கி மணலிலேயே எறிந்தது. மீண்டும் கரைமேல் இழுத்து வந்து ஒழுங்குசெய்ய வேண்டியதாயிற்று. இடுப்பளவு குளிர்நீரில் நின்று ஆடவர் உழைத்தனர். மூன்று மணி நேரப் போராட்டத்துக்குப் பின், அதிகாலை 2 மணியளவில், பன்னிருவரைச் சுமந்து ‘பீச்சம்’ இருளில் மறைந்தது. சுக்கான் பிடித்துத் தலைமை தாங்கியவர் ஆரன் ஹேலட். உதவிக்கு வந்தோர் நனைந்த உடையை மாற்ற வீடு திரும்பினர்.

ஆரனின் தந்தையார் ஜேம்ஸ் ஹேலட் மட்டும் திரும்பவில்லை. இவர் இளமை முதல் அக்கரையின் படகுகளில் சென்றவர். துணைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 1885இல் ஊராரின் பாய்மரப் படகொன்று மூழ்கிக் கிடந்த கப்பலின் மரத்தில் மோதி எட்டுப் பேர் மாண்டபோது, அதே படகில் இருந்து உயிர் பிழைத்தவரும் இவரே. அன்றைய படகில் அவருடைய மக்கள் இருவர், மகளின் கணவர், பேரர் எனக் குடும்பமே சென்றிருந்தது. உடை முழுதும் நனைந்திருக்க, உணவின்றி, அவர் கரையிலேயே நின்றார். எதற்காக நின்றாரென்று எவரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கவும் வேண்டுவதில்லை.

படகு உடையலையைத் தாண்டிச் சென்றதாயினும், காற்றுக்கு எதிராக முகம் திருப்ப முயன்றபோது திரும்ப மறுத்தது. பாய்மரக் கலத்துக்கு இது பெரும் இக்கட்டு: திரும்ப இயலாத கணத்தில் காற்றும் அலையும் அதனைப் பக்கவாட்டில் கரைநோக்கித் தள்ளும். மீண்டும் முயன்றனர், பயனில்லை. இறக்கிய இடத்துக்குச் சற்றே அப்பால் படகின் முகம் மணலில் தட்டியது. அதே நொடியில் பேரலை ஒன்று பின்பக்கத்தில் அறைந்து அதனைப் புரட்டிற்று. கனத்த படகு தலைகீழாகிப் பன்னிருவரையும் தன்னடியில் அழுத்திக்கொண்டது. கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தொலைவு அது.

அப்பொழுது மணி ஏறத்தாழ 3. வீட்டுக்குச் சென்று திரும்பிய பேரர் ஃப்ரெடரிக் ஹேலட் கூக்குரல் கேட்டுப் பாட்டனாரை நோக்கி ஓடிவந்தார். இருவரும் அலைவிளிம்புக்கு விரைந்தனர். கவிழ்ந்த படகு அங்கே கிடந்தது. அடியிலிருந்து தவழ்ந்து வெளிவந்த மருமகன் சார்லஸ் நைட்ஸை முதியவர் நீருக்குள் இறங்கிப் பற்றி இழுத்தார். ஃப்ரெடரிக் வேறொருவரை, ஜான் ஹப்பர்டை, மீட்டார். முதியவர் மீண்டும் படகை நோக்கிச் சென்றார். இம்முறை அவர் கைக்கு எட்டியவர் பேரர் வால்ட்டர். எழுபத்தெட்டு வயதுடையவர் இருமுறை அந்த அலைக்குள் இறங்கி இருவரைக் கரையேற்றினார். மூவர் பிழைத்தனர், எஞ்சிய ஒன்பதின்மரும் மாண்டனர். முதியவரின் மக்கள் இருவரும் அவர்களுள் அடங்குவர். படகை நிமிர்த்த ஊரார் திரண்டும் கையால் இயலவில்லை. பொழுது புலர்ந்தபின் அதனை இழுத்துத் திருப்பியபோது எட்டு உடல்கள் அதன் அடியில் இருந்தன. ஒருவரை அலை கொண்டு போயிருந்தது.

விசாரணை நடந்தது. இறந்தோர் உறவினரின் கண்ணீர் உலராத நிலையில், படகு கரைப்பக்கம் இருந்தது ஏன் என்ற கேள்வி எழுந்தது. முயற்சியைக் கைவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தனரோ என்று வினவப்பட்டது. கேட்டவருக்குத் தீய எண்ணம் இருந்ததாகக் கொள்ள வேண்டுவதில்லை. இடமும் நேரமும் பார்த்தால் எவர்க்கும் தோன்றக்கூடிய ஐயமே. ஆனால் மக்கள் இருவரைப் பறிகொடுத்த தந்தைக்கு அது எவ்வாறு ஒலித்திருக்கும்! மாண்டோர் மனம் தளர்ந்து மாண்டனர் என்றல்லவா ஆகிறது?

ஹேலட் மறுத்தார். அவர்கள் ஒருபோதும் கைவிட்டிருக்கமாட்டார்கள். விடியும்வரை சுற்றிச் சுற்றி வந்தாவது அக்கலத்துக்கு உதவியிருப்பார்கள் என்றார். அபாயத் தீ தெரியும்போது திரும்பிப் போவது விதிக்கு மாறானது என்றும் சொன்னார். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவே. அதில் அணியுமில்லை, முழக்கமுமில்லை. அலுவலகத்தில் நேரம் தவறாத எழுத்தர் ஒருவர் தம் வேலைமுறையை விளக்குவது போன்றதே அது.

செய்தித்தாள்களுக்கு இவ்வளவு எளிமை போதவில்லை. அவர் சொற்களைச் சுருக்கிச் செதுக்கி, ‘கேஸ்டர் ஊரார் திரும்புவதில்லை’ என்னும் தொடராக்கி உலகெங்கும் பரப்பினர். அழகிய தொடர்தான், ஐயமில்லை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. அச்சுத்தொடர் ஓர் ஊரின் பெருமையைப் பேசுகிறது. முதியவரோ ஒரு விதியைப் பேசினார். பெருமை, பிறரினும் நாம் மேலானவர் என்று கருதுவது. விதியோ யார் படகேறினாலும் அவரைக் கட்டுவது. அதில் தம் மக்களைத் தனியே புகழ்ந்துகொள்ள இடமில்லை. தம் பிள்ளைகள் மாவீரர் என்று அவர் மன்றத்தில் சொல்லவில்லை. விதியை மீறாதவர் என்றே சொன்னார். அவர் உண்மையில் சொன்னதே மேலானது எனத் தோன்றுகிறது.

தீப்பந்தம் காட்டிய கலம் யாது? லோஸ்டாஃப்ட் ஊரைச் சேர்ந்த ‘பட்டர்கப்’ என்னும் மீன்பிடிப் பாய்மரக் கலம் அது எனப் பின்னர் தெரிந்தது. உயிர்காப்புப் படகின் துணையின்றியே அது மணல்மேட்டிலிருந்து விடுபட்டுவிட்டது. யாரைக் காக்க ஒன்பதின்மர் உயிர் துறந்தனரோ, அவர்கள் உயிரோடு இருந்தனர். இதனைப் படிக்கும்போது நெஞ்சு துணுக்குறுகிறது. வீணாக மாண்டனர் என்று சொல்ல நாவெழுகிறது. ஆனால் இருளில் எரியும் தீ, தன்னை ஏற்றியவர் பிழைப்பாரா மாய்வாரா என்று அறிவிப்பதில்லை. தானே விடுபடும் என்று தெரிந்தபின் செல்ல வேண்டாத கலங்கள் பல. தெரியும்வரை காத்திருந்தால் மூழ்கும் கலங்கள் அதனினும் பல. கரைக்காரரின் விதி இந்த அறியாமையை உணர்ந்து ஏற்பட்ட விதி. பயன் உறுதியானால் மட்டுமே செல்வது என்று வைத்துக்கொண்டால் எந்தப் படகும் எந்த இரவிலும் கரையை விட்டு நகராது.

படகைப் பற்றிய வினா வேறு. தானே நிமிரும் வகையாக இருந்திருந்தால் ஒன்பதின்மரும் பிழைத்திருப்பாரோ? கரையை ஒட்டிய ஆழமற்ற நீரில் புரண்ட படகு, தரையில் முட்டிக்கொண்டு கிடக்கையில், நிமிரும் அமைப்பு இருந்தும் நிமிர்வது அரிது. மேலும் அவ்வகைப் படகுகளும் அந்நூற்றாண்டில் கவிழ்ந்து உயிர்களைப் பலிகொண்டதுண்டு. ஆதலின் பழைய கரைக்காரரின் தேர்வைப் பிழையென்று எளிதிற் கூற இயலாது. இயந்திரம் பூட்டிய படகுகள் வந்தபின்னரே, காற்றுக்கு எதிரே திரும்ப மறுக்கும் அந்தப் பழைய இக்கட்டு தீர்ந்தது. அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் கழிந்தே, அகன்ற உடலும் தானே நிமிரும் ஆற்றலும் ஒரே படகில் பொருந்தின. பீச்சிங்கும் கரைக்காரரும் ஆளுக்கொரு பாதியைக் கண்டிருந்தனர்.

1902 ஜனவரித் திங்களில் ஜேம்ஸ் ஹேலட், அரசரின் மாளிகை அமைந்த சாண்ட்ரிங்ஹாமுக்கு அழைக்கப்பட்டார். ஏழாம் எட்வர்டு மன்னர் தம் கையாலேயே தேசியச் சங்கத்தின் பொற்பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். கைம்பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவப் பொதுமக்கள் நிதி திரட்டினர். 1903இல் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. ‘பீச்சம்’ அதற்குப் பின் உயிர்காப்புப் பணிக்குக் கடலில் இறக்கப்படவில்லை. ஹேலட் 1907இல் காலமானார்.

அச்சுத்தொடர் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. 1957இல் அவ்வூரில் கட்டப்பட்ட மதுவிடுதி ஒன்றுக்கும் ‘திரும்பாதே’ என்னும் பொருளில் அதே பெயரைச் சூட்டினர். வீரரை நினைவுகூர மதுக்கடையா என்று நம்மவர் முகம் சுளிக்கலாம். அந்நாட்டில் ஊர்க்கூட்டம் கூடும் இடமே அதுதான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1969இல் தேசியச் சங்கம் கேஸ்டர் நிலையத்தை மூட முடிவுசெய்தது. அண்மையிலுள்ள கோர்ல்ஸ்டன் நிலையத்தில் விரைந்து செல்லும் புதிய படகு இருந்தது. ஒரே கடற்பகுதிக்கு இரண்டு எதற்கென்பது சங்கத்தின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஊரார் ஏற்கவில்லை. தாமே பணம் திரட்டினர். தாமே தொண்டர்களைச் சேர்த்தனர். தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துப் படகு வாங்கினர். தேசியச் சங்கத்தைச் சாராத அந்த நிலையம் இன்றும் நடைபெறுகிறது. ஆரன் ஹேலட்டும் அவர் தோழரும் புறப்பட்ட அதே மணற்கரையிலிருந்து, இழுவை இயந்திரத்தின் துணையோடு, படகு இப்போதும் கடலில் இறங்குகிறது.